எல்லாவற்றையும் ‘முடியவில்லை’ என்றே சொல்லிவிடுகிறோம்

மகளைத் தூங்க வைக்கப் போனபோது மணி எட்டே முக்கால். அலுவலகச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஐந்து நிமிடம் பக்கத்தில் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்துவிடலாம் என்று எண்ணம். கண் விழித்தபோது பத்து மணி ஐந்து நிமிடம். கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம், வாயில் பல் துலக்காத கசப்பு, முதுகுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் டைனோசர். கூடத்தில் விளக்கு எரிந்தபடி இருந்தது, பாத்திரங்கள் போட்டது போட்டபடி கிடந்தன. தள்ளாடி எழுந்து அவற்றைக் கழுவி, மறுநாளுக்கான பையை எடுத்து வைத்து, இனி நிம்மதி என்று படுக்கையில் சாய்ந்தால் தூக்கம் போன இடம் தெரியவில்லை. கண் அசரும்போது மணி ஒன்றரை. ஆறு மணிக்கு அலாரம்.

சின்னப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இது வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். அடுத்த நாள் முழுக்கத் தலை கனக்க நடமாடிவிட்டு, கேட்பவர்களிடம் “முடியவில்லை” என்போம். தமிழில் இதற்குச் சொற்களுக்கா பஞ்சம்? உழைத்து ஓய்ந்தால் களைப்பு. கை கால் கனத்தால் அசதி. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் அலுப்பு. போதும் போதும் என்றாகிவிட்டால் சலிப்பு. எதிலும் பிடிப்பு விட்டுப்போனால் சோர்வு. கண் சொருகினால் தூக்கக் கலக்கம். இவ்வளவையும் மொழி பிரித்து வைத்திருக்க, நாம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். பிறகு ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுக்கிறோம். தூக்கம் கேட்கும் உடலுக்குக் காபி, அமைதி கேட்கும் மூளைக்கு செல்போன், அசைவு கேட்கும் கால்களுக்கு சோபா. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்தும் திங்கள் காலையில் அதே கனம் இருப்பது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்த எட்டே முக்கால் மணித் தூக்கம். 1982இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர், நம் தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று ஒரு விளக்கம் தந்தார். இன்றும் தூக்க அறிவியலுக்கு அதுதான் அடித்தளம். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மற்றொன்று, இருட்டையும் வெளிச்சத்தையும் பார்த்து ஓடும் உடலின் 24 மணி நேரக் கடிகாரம். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது கடிகாரமும் ‘இரவாகிவிட்டது’ என்று சொன்னால் நல்ல தூக்கம் வருகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஆகவே குழந்தையின் பக்கத்தில் கண்ணயரும் அந்த எண்பது நிமிடம் குட்டித் தூக்கமே இல்லை. இரவுக்கென்று பகல் முழுக்கச் சேர்த்த அழுத்தத்தில் பெரும் பங்கை அங்கேயே செலவழித்துவிடுகிறோம். பிறகு சமையலறையின் பளிச்சென்ற விளக்கின் கீழ் நின்று பாத்திரம் கழுவும்போது கடிகாரமும் குழம்புகிறது. விருந்துக்கு முன் நொறுக்குத் தீனியால் வயிற்றை நிரப்பிக்கொண்டவனின் நிலைதான்.

இதற்கு எங்கள் வீட்டில் கண்ட தீர்வு ஒரு நாற்காலி. கட்டிலில் படுக்காமல், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொல்வது. முதல் வாரம் மகள் ஒப்புக்கொள்ளவில்லை, “அப்பா, படு” என்று கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவது வாரம் அவளுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் கழுத்து வலித்தது. உட்காரவும் தெம்பில்லாத நாட்களில் வேறு வழி: பல் துலக்கி, உடை மாற்றி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பிறகு போய்ப் படுப்பது. தூங்கிவிட்டால் அதுதான் அன்றைய இரவு, எழுந்து வருவது கிடையாது. பாத்திரங்கள் காலைவரை காத்திருக்கும். நேர்மையாகச் சொன்னால் எனக்கு இரண்டாவதுதான் பிடித்தமானது.

“எனக்கு ஆறு மணி நேரத் தூக்கம் போதும், பழகிவிட்டது” என்பவர்கள் அலுவலகத்துக்கு நால்வராவது இருப்பார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் ஆரோக்கியமான 48 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். சிலருக்கு எட்டு மணி நேரம், சிலருக்கு ஆறு, சிலருக்கு நான்கு என்று 14 நாட்கள் தூக்கத்தை அளந்து கொடுத்தார்கள். ஆறு மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. இரண்டு வார முடிவில், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் தூக்கம் எவ்வளவு வருகிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்களுக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. திறன் இறங்கிக்கொண்டே இருந்தது, இறங்குவதை உணரும் புலன் நடுவிலேயே நின்றுவிட்டது. பழகிவிட்டது என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்காவின் இரண்டு தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் கூட்டாக அறிவித்தன. பெற்றோருக்கு அது எப்போது வாய்க்கும்? ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான தாய் தந்தையரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல் குழந்தை பிறந்து ஆறு ஆண்டுகள் வரையிலும் பெற்றோரின் தூக்கம் பழைய அளவுக்கும் நிறைவுக்கும் முழுதாகத் திரும்பவில்லை. பிறந்த முதல் மூன்று மாதங்களில் தாய்மார்கள் சராசரியாக ஒரு மணி நேரத் தூக்கத்தை இழந்தார்கள். தந்தையர் இழந்தது கால் மணி நேரம்தான். “ஒரு வயது ஆகட்டும், எல்லாம் சரியாகிவிடும்” என்று எங்களைத் தேற்றியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. காஃபீன் நமக்குத் தெம்பு தருவதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களில் அது உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். தூக்க அழுத்தம் குறையாமல் அப்படியேதான் இருக்கும், தகவல் மட்டும் நமக்கு வந்து சேராது. குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு அகலவே பலருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்கு அன்றிரவு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் ஒரு சோதனை காட்டியது. அது நாலைந்து கோப்பைக் காபிக்குச் சமமான அளவு என்றாலும், மாலைக் கூட்டங்களைத் தாண்டிக் குதிக்க நாம் ஊற்றிக்கொள்வதும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

எல்லோரும் தூங்கிய பிறகு, கண் எரிய எரிய செல்போனைத் தடவிக்கொண்டிருப்போமே, அதற்கும் ஆய்வுலகில் பெயர் உண்டு: படுக்கப் போவதைத் தள்ளிப்போடுதல். யாரும் தடுக்காமலே செய்யும் இந்தப் பழக்கத்தை நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளோர் குரூஸே 2014இல் ஆராய்ந்தார். சீன மொழியில் இதற்குப் ‘பழிவாங்கும் விழிப்பு’ என்ற பொருளில் ஒரு தொடர் வழங்குகிறது. பெயர் வைத்தவர் யாரோ, பெற்றோராகத்தான் இருந்திருக்க வேண்டும். பகல் முழுக்க முதலாளிக்கும் பிள்ளைக்கும் போய்விட்டது, மிச்சமிருக்கும் இந்த ஒரு மணி நேரமாவது என்னுடையது என்று உடலோடு போடும் சண்டை அது. ‘கட்டுப்பாடு வேண்டும்’ என்று உபதேசித்தால் இது நிற்காது. தனக்கென்று நேரம் வேண்டும் என்பது நியாயமான பசி. அதைப் பகலில் எங்காவது இருபது நிமிடம் தீர்த்துவைத்தால் இரவில் அவ்வளவு மூர்க்கமாக வருவதில்லை. மதிய இடைவேளையில் யாரோடும் பேசாமல் ஒரு சுற்று நடந்து வருவது எனக்கு அப்படி உதவுகிறது.

இனி மாலை ஏழு மணி. மேசையில் பால் டம்ளர் சாய்ந்தது. காலையில் சாய்ந்திருந்தால் துணியை எடுத்துத் துடைத்திருப்பேன். அன்று மாலை நான் போட்ட சத்தத்தில் மகளின் உதடு பிதுங்கியது. அதே பால், அதே மேசை, அதே அப்பா. பன்னிரண்டு மணி நேரம்தான் வித்தியாசம்.

மனவுறுதி என்பது எரிபொருள் போல, செலவழிந்தால் தீர்ந்துவிடும் என்று 1998 முதல் ஒரு கொள்கை பிரபலமாக இருந்தது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து அதை மறுபடி சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. மூளைக் களைப்பு பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. 2022இல் பாரிஸில் மத்தியாஸ் பெசிக்லியோன் குழுவினர், கடினமான சிந்தனை வேலையில் ஒரு பகல் முழுவதையும் கழித்தவர்களின் மூளையைப் பார்த்தார்கள். திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்பகுதியில், எளிய வேலை செய்தவர்களைவிட அவர்களுக்கு குளூட்டமேட் என்ற பொருள் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில் தேர்வு செய்யச் சொன்னால், பொறுத்திருந்து பெறும் பெரிய பலனை விட்டுவிட்டு, உடனே கையில் கிடைக்கும் சின்னப் பலனை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பால் கொட்டிய மேசையின் முன் கத்துவதுதான் உடனே கிடைப்பது. பொறுமையாகப் பேசுவது பொறுத்திருந்து பெறுவது.

எதிரே நிற்கும் குழந்தையின் கதையும் வேறல்ல. பள்ளியில் நாள் முழுக்க வரிசையில் நின்று, வாயைப் பொத்தி உட்கார்ந்து, நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, நம்பிக்கைக்கு உரிய ஆளைப் பார்த்ததும் அவிழ்த்துவிடுகிறது. இருவரும் தீர்ந்துபோன நிலையில் சந்திக்கும் நேரம் அது. அதை உறவின் பரீட்சையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுவலக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் மனத்தின் ஒரு மூலை அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் விளக்கினார். ஆகவே கிளம்பும் முன், எந்த இடத்தில் நிறுத்தினேன், நாளை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதிவைத்துவிட்டு வருகிறேன். கதவைத் திறக்கும் முன் வாசலில் ஐந்து நிமிடம் சும்மா நிற்பதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைக்கிறாரோ தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற களைப்பு. தெரியாத ஒன்று இருக்கிறது. என் கணிப்பில் அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதை நான் கற்றுக்கொண்டது மனைவியோடு போட்ட ஒரு சண்டையில்.

“சொல்லியிருந்தால் செய்திருப்பேனே” என்றேன். அவள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு, “சொல்வதுதான் வேலையே, அதைத்தான் உங்களுக்குப் புரியவைக்க முடியவில்லை” என்றாள்.

பிள்ளைக்கு ஷூ வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போய் வர அரை மணி நேரம். நான் போனேன், வாங்கி வந்தேன், உதவிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆனால் கட்டைவிரல் முன்பக்கத்தை முட்டுகிறது என்று மூன்று வாரம் முன்பே கவனித்தது யார்? பள்ளி விளையாட்டு நாளுக்குள் வாங்க வேண்டும் என்று நாள் குறித்தது யார்? போன முறை வாங்கியது எந்த அளவு, எது கடித்தது, பள்ளி எந்த நிறத்தை அனுமதிக்கும் என்பது யார் தலையில் இருந்தது? வாங்கிய பிறகு இரண்டு நாள் கழித்துக் காலைத் தூக்கிப் பார்த்து, கொப்புளம் இல்லை என்று உறுதிசெய்தது யார்?

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி 2019இல் எழுதிய ஆய்வு, இந்த வேலையை நான்காகப் பிரிக்கிறது: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் இருவரும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கிறார்கள். முதலாவதும் கடைசியும்தான் பெண்களின் தலையில் கூடுதலாக விழுகின்றன. இந்த வேலைக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது, செய்ததாகக் காட்ட எதுவும் கையில் மிஞ்சாது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், பஸ்ஸில் வரும்போதும், குளிக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு என்று பலர் சொல்வதில் இதற்குப் பங்கு உண்டு. தூக்கக் குறையே அல்லாத ஒன்றைத் தூக்கத்தால் எப்படித் தீர்ப்பது?

பட்டியல் போட்டு வேலையைப் பங்கிடுவது இங்கே பாதி மருந்துதான். பட்டியலைப் போடுபவரே மறுபடி மேலாளராகிவிடுகிறார். நாங்கள் வேலைகளை அடியிலிருந்து நுனிவரை கைமாற்றினோம். ஷூ, பல் மருத்துவர், தடுப்பூசி மூன்றும் இப்போது என்னுடையவை. கவனிப்பதும் நான், நாள் குறிப்பதும் நான். முதல் மாதமே பல் மருத்துவரிடம் போக வேண்டிய நாளைத் தவறவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தும் நினைவூட்டவில்லை. அன்று கோபம் வந்தது. நினைவூட்டியிருந்தால் அந்த வேலை அவளிடமே திரும்பிப் போயிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. கைமாற்ற இன்னொரு கை இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு இந்த வழி உதவாது. அவரிடம் போய் ‘உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்’ என்று சொல்வதைவிட, ஒரு மாலை பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மேல்.

தலைக்குள் ஓடுவதைக் காகிதத்தில் இறக்கிவைப்பது மட்டும் யாருக்கும் கைகொடுக்கும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் 57 பேரைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளைப் பற்றி எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். எவ்வளவு நுணுக்கமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. ‘பள்ளி வேலை’ என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. ‘நீலப் பையில் இருக்கும் சுற்றுலா அனுமதித் தாளில் கையெழுத்து, காலை உணவுக்கு முன்’ என்று எழுத வேண்டும். நள்ளிரவில் திடுக்கென்று எழுப்புவது பெரும்பாலும் அந்தத் தாள்தான்.

உடலைப் பற்றிச் சுருக்கமாக. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்பவரின் அசதிக்குப் படுக்கை மருந்தாவதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட சோதனையில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாமல் எப்போதும் களைப்பாக உணர்ந்தவர்கள், வாரம் மூன்று முறை இருபது இருபது நிமிடமாக ஆறு வாரம் சைக்கிள் மிதித்தார்கள். மென்மையாக மிதித்தவர்களுக்குக் களைப்புணர்வு 65 சதவீதம் குறைந்தது, சற்று வேகமாக மிதித்தவர்களுக்கு 49 சதவீதம். அதாவது சிரமப்படாதவர்களுக்கே கூடுதல் பலன். பிள்ளையோடு பந்து துரத்துவதையும் நான் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

தூக்கத்தைச் சரிசெய்தும், சுமையைப் பகிர்ந்தும், சில வாரங்களில் மாற்றமே இல்லை என்றால் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ‘சின்னக் குழந்தை இருக்கிறது, களைப்பு இருக்கத்தான் செய்யும்’ என்ற விளக்கம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால், உண்மையான நோய்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்கும், ஆணுக்கு 13 கிராமுக்கும் கீழே போனால் அது இரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம், ஃபெரிட்டின் சோதனைதான் அதைக் காட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டில் தைராய்டு தடுமாறுவது உண்டு. பி12 குறைபாடும் நீரிழிவும் களைப்பாகவே முதலில் தலைகாட்டலாம். பலத்த குறட்டையும் எழுந்ததும் தலைவலியும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலுமே நாட்டமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம்.

இவற்றோடு சேராத இன்னொன்றை பெல்ஜியத்தின் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் இருவரும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்: பிள்ளை வளர்ப்பே ஒருவரை எரித்துத் தீர்த்துவிடும் நிலை. அலுவலகத்தில் நன்றாகத்தான் இருப்பார், வீட்டுக் கதவைத் திறந்ததும் வற்றிவிடுவார். குளிப்பாட்டுவார், ஊட்டுவார், ஆனால் மனம் அங்கே இருக்காது. ‘நான் இப்படிப்பட்ட அம்மா இல்லையே’ என்று தன்னையே அந்நியமாகப் பார்ப்பார். 42 நாடுகளில் 17,000க்கும் அதிகமான பெற்றோரைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வில், அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளும் தனிமனிதப் போக்கு மிகுந்த சமூகங்களில் இது கூடுதலாகக் காணப்பட்டது. இங்கே தேவைப்படுவது ஆள் துணை. ஓய்வு அதற்கு ஈடாகாது.

மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போகும்போது ‘களைப்பாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் ஒரு சத்து மாத்திரையோடு திரும்பி வர நேரலாம். போகும் முன் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், எழுந்ததும் எப்படி இருந்தது, எந்த நேரத்தில் கனம் கூடுகிறது, வேலையில்லாத நாளில் குறைகிறதா, குழந்தையோடு இருக்கும்போது என்ன தோன்றுகிறது. எந்தச் சோர்வு இது என்பதில் பாதியை அந்தத் தாளே சொல்லிவிடும்.